மீள்நெகிழிக்குத் தீக்காப்பு

நெகிழி தீப்பற்றும்போது எரிவது உண்மையில் நெகிழியன்று. வெப்பம் அதன் நீண்ட மூலக்கூறுத் தொடர்களை அறுக்கிறது; அறுந்த துண்டுகள் ஆவியாகி எழுகின்றன; அவ்வாவியே எரிகிறது. தழலின் வெப்பம் மீண்டும் நெகிழியைத் தாக்கி மேலும் ஆவி எழுப்ப, தீ தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 21 விழுக்காடு. வாளியும் நாற்காலியும் ஆகும் பாலிபுரொப்பிலீன் தொடர்ந்தெரிய 18 விழுக்காடே போதும்.

மீள்சுழற்சிக்கு வருவதோ இதனினும் நலிந்தது. உருக்குந்தோறும் பாலிபுரொப்பிலீனின் தொடர்கள் குறுகுகின்றன. குறுகியவை எளிதில் இளகும். எரியுங்கால் துளிதுளியாய்ச் சொட்டி, கீழுள்ள பொருளுக்கும் தீ வைக்கும்.

பழைய மின்கருவிகளின் உறைகளில் வேறோர் இடரும் உறங்குகிறது. அவற்றின் காப்புக்கெனப் புரோமின் சேர்மங்களைக் கலந்தனர். தழலை வளர்க்கும் தனி உறுப்புகளை, அதாவது வினைவீறு மிக்க மூலக்கூற்றுத் துணுக்குகளை, பற்றியடக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஆனால் அவற்றுட் சில எளிதில் சிதையாமல் உயிர்களின் உடற்கொழுப்பில் திரள்பவை. ஆதலால் 2009, 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் எளிதில் சிதையா நச்சுகளைத் தடுக்கும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்தது. எனினும் அவ்வுறைகளை உருக்கி வார்த்த கரிய பொம்மைகளிலும் சமையற் கரண்டிகளிலும் அச்சேர்மங்கள் காணப்பட்டன. எனவே தீக்காப்பின் முதற்பணி பிரித்தெடுத்தலே. புரோமின் செறிந்த துண்டுகள் எடை மிக்கவை. தக்க அடர்த்தியுள்ள உப்புக்கரைசலில் அவை அமிழ, ஏனையவை மிதக்கும்.

தூய்மையுற்றபின் புதிய காவலனைத் தேட வேண்டும். அலுமினியம் ஐதராக்சைடு வெப்பத்தை உண்டு நீராவியை உமிழும். ஆயின் 200 பாகை செல்சியசை ஒட்டியே சிதைவதால், பாலிபுரொப்பிலீனை வார்க்கும்போதே நீரை இழந்துவிடும். மக்னீசியம் ஐதராக்சைடு 300 பாகை வரை பொறுக்கும். தன் எடையில் ஏறத்தாழ 31 விழுக்காட்டை அது நீராவியாக்கித் தழலைத் தணிக்கும். ஆனால் கலவையில் பாதிக்கு மேல் அதுவே வேண்டியிருப்பதால், முன்னரே நலிந்த நெகிழி நொறுங்கத் தலைப்படும். அம்மோனியம் பாலிபாசுபேட்டு குறைந்த அளவிலேயே பயன்தரும். சூட்டில் அது அமிலமாகி, உடன்சேர்த்த கரிமப்பொருளைக் கரியாக்கும். வெளியேறும் வளி அக்கரியை நுரைபோல் உப்பச் செய்யும். அந்நுரைக்கரி உள்ளே வெப்பம் நுழையாமலும் வெளியே ஆவி கசியாமலும் காக்கும்.

இக்காவலரும் அடுத்த உருக்கலுக்கு நெகிழியுடனேயே செல்வர். முந்தைய தலைமுறை புரோமினைக் கலந்தபோது அவ்வுறைகளின் மறுபிறப்பை எண்ணவில்லை. இன்று ஒரு காப்புப்பொருளைத் தேர்வோர், அது தீயை அடக்குமா என்பதோடு, பொம்மையாகிக் குழந்தையின் கைக்குச் சென்றாலும் தீங்கற்றதா என்பதையும் வினவ வேண்டும்.