உஷார்! ராத்திரியில் கையை உதறுகிறீர்களா?

நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழித்து, உதறி உதறி உணர்வு வந்தபிறகுதான் திரும்பப் படுக்கிறீர்களா? வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாளைத் தள்ளாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கலாம்.

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், எலும்புக்கும் கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. அதுதான் கார்பல் டனல். விரலை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. ஓயாத வேலையில் உள்ளே அழுத்தம் ஏறினால் அடிபடுவது நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும்; சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடும்.

‘கம்ப்யூட்டர்காரர்களுக்கு வரும் நோய்’ என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சுதான் பயமாக இருக்கிறது; கம்ப்யூட்டரைத் தொடாதவர்கள் ‘நமக்கு வராது’ என்று இருந்துவிடுவார்கள். பலம் கொடுத்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, அதிரும் கருவியைப் பிடிப்பது, மணிக்கட்டை வளைத்தே வைத்திருப்பது: சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோய்க்கு இம்மூன்றையும்தான் காரணமாகச் சொல்கிறது.

தருமபுரியில் இப்படி வேலை செய்வது யாருடைய கை? புளி சீசனில் பொழுதெல்லாம் ஓட்டைத் தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் பெண்களின் கை. கிரானைட் குவாரியில் துளைபோடும் மெஷினையும் பட்டறையில் கிரைண்டரையும் பிடிக்கும் கை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலையில் யார் நடுவே கையை ஆற்றுவார்கள்? வீடு திரும்பினால் துணி பிழிவதும் அதே கைதான். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

டம்ளர் கை நழுவுகிறதா, பித்தான் போட வரவில்லையா? இனி ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கட்டைவிரலின் அடிமேடு வற்றிக் குழிவிழுந்துவிட்டால், ஆபரேஷன் செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால், ராத்திரியில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை போட்டாலே பலருக்கு அடங்கும்.

வேலை கொடுப்பவர்களே, தட்டுகிறவரையும் உரிக்கிறவரையும் அடிக்கடி மாற்றி உட்காரவையுங்கள். கிரைண்டர் பிடிப்பவரை நாள் முழுக்க அதிலேயே விடாதீர்கள்.

கை மரக்கிறவர்கள் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எந்த விரல் மரக்கிறது, என்ன வேலை செய்கிறீர்கள் இரண்டையும் அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானத்திலும் சர்க்கரை நோயிலும்கூடக் கை மரக்கும். எது என்று அவர் பிரித்தறிய அந்த இரண்டு தகவலும் வேண்டும்.