இருபது எழுத்து மந்திரம்

எழுத்துப் பிழை மலிந்த மாணாக்கனைத் திருத்துவது எங்ஙனம் என்பது தமிழாசிரியர் அனைவரையும் வருத்தும் வினா. ரகர றகரம் தடுமாறும் மாணவன் ஒருவன், யான் சிறிதும் எதிர்பாராத இடத்திலிருந்து அதற்கொரு விடை காட்டினான்.

“படிப்பை விட்டு எந்நேரமும் ரீவி விளையாட்டிலேயே கிடக்கிறான்” என்று அவன் தாயார் முறையிட்டதனால், ஈச்சிலம்பற்றிலுள்ள அவர்கள் இல்லத்துக்கு ஒரு மாலை சென்றேன். பழைய விளையாட்டுப் பெட்டியின் முன் அமர்ந்து, அவன் ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். பக்கந்தோறும் ஜப்பானிய எழுத்துக்கள்!

“இது என்ன தம்பி?”

“மந்திரம், சேர். இருபது எழுத்து. ஒரு எழுத்து பிழைச்சாலும் ராசா உள்ளுக்கு விடமாட்டார்.”

அவன் ஆடியது ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் ஆட்டம். யூஜி ஹோரி என்பார் அமைத்த இது 1986 மே 27 அன்று ஜப்பானில் வெளிவந்தது. வீரனொருவன் நாடெங்கும் அலைந்து கொடுங்கோலனை வெல்வது கதை. ஒரே நாளில் முடியும் ஆட்டமன்று. ஆயினும் அந்தக் கேசட்டுக்கு நினைவாற்றல் இல்லை. மின்சாரம் நின்றால் யாவும் மறையும். ஆதலின் ஆட்டத்தை நிறுத்துமுன் அரசனிடம் சென்றால், அவன் ஓர் உயிர்ப்பு மந்திரம் தருவான். 5, 7, 5, 3 எனப் பகுக்கப்பட்ட இருபது எழுத்துக்கள் அவை. முதல் மூன்று பகுதிகளும் ஜப்பானியரின் ஹைக்கூ யாப்பளவே. வீரன் ஈட்டிய பொன், படைக்கலம், தேர்ச்சி அனைத்தும் அவ்விருபதுள் அடங்கும். எழுதிவைத்து மறுநாள் பிழையறப் பதித்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிழைத்தாலோ பன்னாள் உழைப்பும் பாழ்.

ஜப்பானியர்க்கென ஆக்கிய கேசட் ஈச்சிலம்பற்றில் ஓடுவது எப்படி? ஜப்பானில் ‘ஃபாமிகொம்’ என்ற பெயரில் 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ வெளியிட்ட பெட்டிக்குரிய கேசட்டில் 60 இணைப்பு ஊசிகள் உண்டு. அதே பெட்டியை 1985இல் அமெரிக்காவுக்கு அனுப்பியபோது ஊசிகளை 72 ஆக்கி, உரிமம் பெறாத கேசட்டைப் புறந்தள்ளும் காவற் சில்லு ஒன்றையும் உள்ளே வைத்தனர். எனவே ஒரு நாட்டின் ஆட்டம் மறுநாட்டுப் பெட்டியிற் பொருந்தாது. ஆனால் ஆசிய நாடுகளில் மலிவு விலைக்கு விற்ற போலிப் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானியப் பெட்டியைப் பார்த்துச் செய்தவை. 60 ஊசி வாயும் உண்டு, காவற் சில்லும் இல்லை. மாணவனின் தந்தையார் இளமையில் ஆடிய அத்தகைய பெட்டி வளைகுடா நாட்டிலிருந்து வந்தது. கேசட்டோ ஜப்பானில் வேலை செய்த மாமா கொணர்ந்தது. இரண்டும் இங்கே சந்தித்தன.

ஒரு குறை உண்டு. ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். நம் நாட்டுப் பழைய முறையோ 50 முறையே. படத்தோடு அடியெடுத்து வைக்கும் ஆட்டமாதலின், அங்கே 60 நிமிடத்தில் நிகழ்வது இங்கே 72 நிமிடமாகும். இசையும் அவ்வாறே தாழ்ந்து நடக்கும். “எனக்கு இதுதான் சரியான வேகம், சேர்” என்றான் அவன்; வேறொன்றை அவன் அறியான்.

அன்று அவன் முகம் வாடியிருந்தது. முதல்நாள் எழுதிய மந்திரத்தை அரசன் ஏற்கவில்லை. எங்கே பிழையென்று தெரியவில்லை. கைப்பேசியில் ஜப்பானிய எழுத்து வரிசையைத் தேடி என்னிடம் நீட்டினான். கண்டதும் வியந்தேன். அ, இ, உ, எ, ஒ என உயிர்கள்! அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என வரிசைகள்! ஹகரம் பண்டைக்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பர் மொழிநூலார். அங்ஙனமாயின் நம் நெடுங்கணக்கின் ஒழுங்கேயன்றோ இது! வடமொழி எழுத்திலக்கணம் பயின்ற பௌத்தத் துறவியர் வழியே அவ்வொழுங்கு ஜப்பான் சென்றது.

மற்றொன்றும் புலப்பட்டது. ‘கல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ககரம் வேறு வேறாக ஒலிப்பினும் நாம் ஓரெழுத்தையே எழுதுகிறோம். ஜப்பானியரோ மெலிந்தொலிக்கும் ககரத்தின் மேல் இரு சிறு கீற்றுக்கள் இடுவர். ஏட்டுச் சுவடியில் புள்ளியின்றியும், காலும் ரகரமும் வேறுபாடின்றியும் கிடந்த பாடங்களோடு தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் போராடியது நினைவுக்கு வந்தது. பிழை பெரும்பாலும் சிறு குறியிலேதான் ஒளிந்திருக்கும்.

“கீற்று விடுபட்டிருக்கும், தம்பி. ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்போம்” என்றேன்.

தாயார் தேநீர் கொணர்ந்து வைத்தார், ஆறிற்று. ஏழாம் முறை அரண்மனை வாயில் திறந்தது. அவன் துள்ளி எழுந்தான். கண்டிக்க வந்த நானும் கைதட்டினேன் என்பதை மறைப்பானேன்?

1989இல் அமெரிக்காவில் வெளியிட்ட பதிப்பிலே மந்திரத்தை நீக்கி, கேசட்டினுள் மின்கலம் வைத்து நினைவைக் காத்தனர். வசதிதான். ஆனால் மின்கலம் காலத்தால் மாள்வது; அது மாண்டால் நினைவும் மாளும். கொப்பியில் எழுதிய இருபது எழுத்தோ, பெட்டி பழுதுற்றாலும் வேறொரு பெட்டியில் உயிர்பெறும். 2004இல் கடற்கோளையும் 2006இல் இடப்பெயர்வையும் கண்ட ஊர் இது. எதைச் சுமந்து செல்லலாம், எதைச் சுமக்கவியலாது என்பதை இவ்வூரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிழையற எழுதிய ஒரு வரி சுமப்பதற்கு எளிது.

அம்மாணவனுக்குக் கவனம் இல்லையென்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கவனம் இருந்தது, பிழைத்தால் இழப்பதற்கு ஒன்று என் வகுப்பில் இல்லை. அதுவே குறை. அக்குறை என்னுடையது.

அடுத்த வாரம் சொல்வதெழுதலின்போது அவனருகே நின்று, “இந்த வாசலிலும் ஒரு ராசா இருக்கிறார், தம்பி” என்றேன். அவன் சிரித்தான். கொப்பியை நீட்டுமுன், மேலிருந்து கீழ்வரை ஒவ்வோர் எழுத்தின்மேலும் விரல்வைத்துப் பார்த்தான். இரண்டு பிழைகள் இருந்தன. முன்பெல்லாம் பத்துக்குக் குறைவதில்லை.