யாரைக் கேட்டு மதிப்பெண்?

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு முன் பால்மரம் சீவி வாளி சுமந்த குடும்பங்களின் பிள்ளைகள், இன்று சுங்கை ஊடாங் வட்டாரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும், பத்து பெரண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகளிலும், ஆயர் குரோ அலுவலகங்களிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுள் அயல்நாட்டுத் தலைமையகத்தை உடைய கம்பெனிகளில் இருப்பவர்களுக்கு, 'தன்னை அறியாத பட்சபாதம்' என்னும் விஷயத்தைப் பற்றிய இணையப் பாடத்தை இன்ன தேதிக்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரு கட்டளை வருவதுண்டு. சில காணொளிகள், நாலைந்து கேள்விகள், ஒரு சான்றிதழ். எல்லாம் முடிந்த பின் ஒரு பாரம். பாடம் உங்களுக்குப் பிடித்திருந்ததா, உடன் வேலை செய்வோருக்குச் சிபாரிசு செய்வீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் இடுக என்று கேட்கும் அந்தப் பாரத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதன் தன் சித்தத்தில் இன்னது இருக்கிறதென்று தானே அறியாமல் ஒருவரை உயர்த்தியும் ஒருவரைத் தாழ்த்தியும் மதிக்கிறான் என்ற கருத்தை, அந்தோணி கிரீன்வால்டு என்ற அமெரிக்க உளவியலாளரும், இந்தியாவின் செகந்திராபாத்தில் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராய் விளங்கும் மஹ்சரின் பானாஜி அம்மையாரும் 1995-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் விரித்துரைத்தார்கள். 1998-இல் கிரீன்வால்டும் அவருடைய சகாக்களும் அதை அளக்க ஒரு பரீட்சையையும் வெளியிட்டார்கள். பூவின் பெயரையும் இனிய சொல்லையும் ஒரே விசையில் தட்டச் சொன்னால் விரல் விரைகிறது. பூச்சியின் பெயரையும் இனிய சொல்லையும் சேர்த்துத் தட்டச் சொன்னால் கண நேரம் தயங்குகிறது. பூவும் பூச்சியும் இருந்த இடத்தில் இரண்டு இனத்தாரின் பெயர்களை வைத்தாலும் அதே தயக்கம் தலைகாட்டுகிறது என்பதே அதன் சாரம். அந்தத் தயக்கம் ஒருவனது நடத்தையை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்லும் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் வியாபார உலகம் விவாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. 2018-ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரக் கடையொன்றில் கறுப்பின இளைஞர் இருவர் காரணமின்றிக் கைது செய்யப்பட்டதன் பின், ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 8,000 கடைகளை ஒரு பிற்பகல் அடைத்து ஊழியர்களுக்குப் பாடம் நடத்தியது. பிரிட்டிஷ் அரசாங்கமோ 2020 டிசம்பரில், இத்தகைய பயிற்சியால் நடத்தை மாறுவதற்குத் தக்க சான்றில்லை என்று கூறி, தன் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு அதைக் கைவிடப் போவதாய் அறிவித்தது.

பயிற்சி எதுவாயினும் அதன் பயனை நான்கு படிகளில் மதிப்பிட வேண்டும் என்று டொனால்டு கிர்க்பேட்ரிக் என்பவர் 1959-இல் எழுதினார். கற்றவருக்குப் பிடித்ததா, அவர் எதையேனும் கற்றாரா, வேலையில் அவர் நடத்தை மாறிற்றா, அதனால் நிறுவனத்தில் விளைவு உண்டா என்பவை அப்படிகள். நம் பாரம் முதற்படியில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. 2016-இல், பல்வேறு ஆய்வுகளில் வந்த 260 குழுக்களின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள், இவ்வகைப் பயிற்சிகளால் மிகுதியாய் விளைவது கற்றவரின் திருப்தியே என்றும், கற்ற செய்தி நினைவில் நிற்கினும் மனப்பான்மையில் வந்த மாறுதல் நாளடைவில் தேய்ந்து போகிறதென்றும் கண்டார்கள்.

பாடம் கற்றோர் நம் வட்டாரத்தில் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டால், பாரத்தில் இடம்பெறாத அபிப்பிராயங்கள் பல கிடைக்கும். உதாரணங்கள் எல்லாம் அமெரிக்கத் தெருவைச் சேர்ந்தவை என்பர் சிலர். சரியான விடை எது என்பது கேள்வியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது என்பர் சிலர். காணொளியை ஓடவிட்டுவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனோம் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வோரும் உண்டு. "எனக்கு அப்படியெல்லாம் கிடையாதுங்க" என்று அடித்துச் சொல்லுபவர்தாம் என் கணக்கில் முக்கியமானவர். ஏனெனில் அவர் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு எழுந்து போகிறார்.

இணையப் பாடத்தைக் கம்பெனி ஊழியர்களிடையே முறையாகச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2019-இல் வெளியாயிற்று. எட்வர்டு சாங், கேத்தரின் மில்க்மன் முதலியோர், பல தேசங்களில் கிளை பரப்பிய ஒரு நிறுவனத்தின் ஊழியர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு மணி நேரப் பாடம் கொடுத்து, அதன்பின் பல வாரங்கள் அவர்கள் செய்கையைக் கவனித்தார்கள். யாருக்கு வழிகாட்ட முன்வருகிறார்கள், யாருடைய நல்ல வேலையைப் பாராட்டிப் பெயர் கொடுக்கிறார்கள் என்பவையே அளவுகோல். பேச்சில் மனம் இளகிற்று. செய்கையில் பெரும்பாலோரிடம் மாறுதல் இல்லை. மாறியவர் முன்னமே நல்லெண்ணம் உடையவர்களாகவே இருந்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். லீ ஹ்வோக் ஆன், முகமது அப்துல் காலிட் என்னும் பொருளியலாளர் இருவர், தகுதி ஒத்த கற்பனை விண்ணப்பங்களில் மலாய்ப் பெயரையும் சீனப் பெயரையும் இட்டுத் தனியார் துறை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். 2016-இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி, மலாய்ப் பெயர் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தால் சீனப் பெயர்கள் ஐந்துக்கு மேல் வந்தது. தமிழ்ப் பெயர் அந்தச் சோதனையில் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் விடை எவ்விதம் இருந்திருக்கும் என்று, மகனுக்காக ஓராண்டு தபாலை எதிர்பார்த்துக் கிடந்த தாய்தந்தையரைக் கேட்க வேண்டியதில்லை. நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: நம்மவர் முதலாளியாய் அமர்ந்த இடங்களிலும் ஜாதியை மறைமுகமாய் விசாரிப்பதும், தோட்டத்துப் பிள்ளை என்று ஒரு மாற்றுக் குறைத்து மதிப்பதும் கிடையாதென்று சத்தியம் செய்ய நான் துணியேன்.

பாரத்தின் பிழை இங்கேதான் இருக்கிறது. பட்சபாதம் உடையவனையே அழைத்து, உன் பட்சபாதம் தீர்ந்ததா என்று கேட்டு மதிப்பெண் வாங்குகிறோம். அதற்கு இரையானவனிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை. நேர்முகத் தேர்வு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், பதவி உயர்வில் மும்முறை தள்ளப்பட்டவள் ஆகியோரே இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் இடத் தகுந்தவர்கள். பத்துப் பேருக்குக் குறையாத மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் கம்பெனிகளிற் பெரும்பாலானவை, 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றைப் பயிற்சி வரியாக மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குச் செலுத்துகின்றன. அந்த நிதியில் நடக்கும் பயிற்சிகளின் பயனைக் கற்றவரின் திருப்தியைக் கொண்டு மட்டும் கணக்கிடுவது போதாது. வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள 69எஃப் பிரிவு, பாரபட்சம் பற்றி ஊழியனுக்கும் முதலாளிக்கும் எழும் தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்க அதிகாரம் தருகிறது. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவனைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சில்லை.

ஆகவே அடுத்த முறை பாரம் உங்கள் திரைக்கு வரும்போது, 'இதர கருத்துகள்' என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். சென்ற ஆண்டு நம் கம்பெனிக்கு விண்ணப்பித்தோர் இன்னின்ன இனத்தவர் எத்தனை பேர், அழைக்கப்பட்டோர் எத்தனை பேர், எடுக்கப்பட்டோர் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடும்படி அதில் எழுதிக் கேளுங்கள்.