டென்டல் பில்லிங் வேலை: சம்பளம் எங்கே ஏறும், எங்கே நின்றுவிடும்?

'மூன்றே மாதத்தில் டென்டல் கோடிங், எந்த டிகிரியும் போதும், வேலை உறுதி' என்ற விளம்பரம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அமெரிக்க கிளினிக்குகளுக்கு பில்லிங் செய்து கொடுக்கும் அலுவலகங்கள் சென்னை, கோவை, திருச்சியில் இருக்கின்றன. வேலை நிஜம்தான். ஆனால், ஃபீஸ் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் துறையில் கோடிங் கொஞ்சம், பில்லிங்தான் அதிகம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு பல் சிகிச்சைக்கும் ஒரு 'சி.டி.டி' கோடு உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவ சங்கம் வகுத்தது. 'டி' என்ற எழுத்து, அடுத்து நான்கு இலக்கங்கள். பெரியவர்களுக்குப் பல் சுத்தம் செய்தால் டி1110, கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் என்றால் டி3330, செராமிக் கேப் போட்டால் டி2740. பொது மருத்துவத்தில் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து கோடு போடுவதற்கென்றே தனியாக ஆட்கள் உண்டு. பல் கிளினிக்கில் பெரும்பாலும் டாக்டர் சிகிச்சையைப் பதிவு செய்யும்போதே கோடும் சேர்ந்து வந்துவிடும். அதனால் 'டென்டல் கோடர்' என்ற தனி நாற்காலிகள் குறைவு.

அப்படியென்றால் இங்கே என்ன வேலை? டெக்சாஸில் ஒருவருக்கு 30-ம் எண் பல்லில் கேப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் வருவதற்கு முன்பே பாலிசியை அலச வேண்டும். பல பாலிசிகளில் பல் சுத்தத்துக்கு முழுத் தொகை, ஃபில்லிங்குக்கு 80 சதவிகிதம், கேப்புக்கு 50 சதவிகிதம்தான் கிடைக்கும். ஆண்டு உச்சவரம்பு 1,000 முதல் 2,000 டாலர் வரை இருப்பது சகஜம். இதைச் சரிபார்ப்பது 'வெரிஃபிகேஷன்'. பிறகு கிளெய்ம் அனுப்புவது, வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது. நுழைவு நிலை வேலைகள் இவைதான்.

கிளெய்ம் திரும்பி வந்தால்தான் வேலை சூடுபிடிக்கும். 'எக்ஸ்ரே இணைக்கவில்லை', 'பழைய கேப் போட்டு ஐந்து வருடம் ஆகவில்லை', 'இந்தப் பல் பாலிசி எடுப்பதற்கு முன்பே விழுந்துவிட்டது'... இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்க ஆயிரம் காரணம் வைத்திருக்கும். போன் போட்டு, லைனில் காத்திருந்து, காரணத்தைப் பிடித்து, மேல்முறையீடு எழுதிப் பணத்தை வரவழைப்பவரைத்தான் ஏ.ஆர். காலர் என்கிறார்கள்.

கைக்கு எவ்வளவு?

புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை. வெரிஃபிகேஷனிலேயே உட்கார்ந்துவிட்டால் சம்பளம் மெதுவாகத்தான் நகரும். சாஃப்ட்வேர் முதலில் பறிப்பதும் அந்த வேலையைத்தான். மறுப்புகளைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மூன்று, நான்கு வருடத்தில் நல்ல ஏற்றம் உண்டு. அடுத்தது ஆடிட்டர், டீம் லீடர்.

அமெரிக்காவில் இதற்கு நெருக்கமான மருத்துவப் பதிவுப் பணியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2023-ல் 48,780 டாலர். நம் பணத்தில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்குக்கும் உங்கள் ஆஃபர் லெட்டருக்கும் சம்பந்தமில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் வேலையே இங்கு வருகிறது!

நேரத்தையும் யோசியுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால், கோடைக்காலத்தில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிஃபோர்னியா கிளினிக் என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். சேரும் முன் கேப் வசதி (இது பல்லுக்குப் போடும் கேப் அல்ல, வீட்டில் இறக்கிவிடும் கேப்), நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

பி.டி.எஸ் முடித்துவிட்டு, கிளினிக்கில் கிடைக்கும் சொற்பச் சம்பளத்தில் சலித்து இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு எக்ஸ்ரே புரியும், அதுவே பெரிய பலம். ஆனால் நாம் 46 என்று எழுதும் பல்தான் அமெரிக்கர்களுக்கு 30. அந்தப் பழக்கத்தை மாற்றியாக வேண்டும். தாடை அறுவை சிகிச்சை, விபத்துக் காயம், தூக்கத்தில் மூச்சுத் தடைக்கான வாய்க் கருவி போன்றவற்றை மெடிக்கல் இன்ஷூரன்ஸுக்கும் அனுப்ப வேண்டிவரும். அங்கே மெடிக்கல் கோடுகளும் தேவை. இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு, பி.டி.எஸ் படித்தவர்கள் குறிவைக்க வேண்டிய இடம் இது.

உண்மையிலேயே கோடிங்தான் ஆசை என்றால், ஏ.ஏ.பி.சி அமைப்பின் சி.பி.சி தேர்வு இருக்கிறது. அது மெடிக்கல் கோடிங்குக்கானது. அனுபவமில்லாமல் பாஸ் செய்பவருக்கு முதலில் 'அப்ரென்டிஸ்' என்ற ஒட்டுடன்தான் சான்றிதழ் வரும். பில்லிங்கில் சேர இது கட்டாயமில்லை. புதியவர்களுக்குப் பல அலுவலகங்களே சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகின்றன. அதனால் நகையை அடகு வைத்துக் கோர்ஸில் சேரும் முன், நேரடி இன்டர்வியூ இரண்டு, மூன்றுக்குப் போய்ப் பாருங்கள். 'வேலைக்கு டெபாசிட்' என்று எவராவது கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கோர்ஸ்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், பாடப் புத்தகம் எந்த வருடத்தது என்று கேளுங்கள். சி.டி.டி கோடுகள் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மாறுகின்றன. பழைய பி.டி.எஃப்பை வைத்து வகுப்பெடுக்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.