நான்கு கைகள், ஒரே தாளம்

பிள்ளைகள் கைப்பேசியில் “டங்கு டங்கு” என்று ஓயாத மின்னிசையைக் கேட்கும்போது, “இதுவும் ஒரு பாட்டா?” என்று முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மில் பலர். பாட்டு நமக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால், அதற்குள் இருக்கும் வித்தையைத் தெரிந்துகொள்வது நல்லது.

டிஜே எனப்படும் இசைத்தட்டுக் கலைஞரின் முன்னே இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்றில் சுழலும் பாட்டு கூட்டத்துக்குக் கேட்கும். மற்றதில் சுழல்வது ஹெட்போன் வழியே அவர் காதுக்கு மட்டும் கேட்கும். முதல் பாட்டுக்கு நிமிடத்தில் 120 அடி, அடுத்ததற்கு 126 அடி என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததன் வேகத்தை நூற்றுக்கு 5 பங்கு போலக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து நடக்கும். 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 கருவியில் வேகத்தை நூற்றுக்கு 8 பங்கு வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். இன்று கணினியும் உதவுகிறது. ஆயினும், எந்தப் பாட்டை அடுத்து எது என்பதைக் காதும் மனமும்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதையே இரண்டு கலைஞர்கள் ஒரே மேசையில் மாறி மாறிச் செய்வதற்குப் ‘பேக் டு பேக்’ என்று பெயர். தவில் வித்துவான்கள் இருவர் மாறி மாறி வாசிப்பதைப் போன்றது இது. ஒருவர் 124 அடியில் ஹவுஸ் பாட்டைப் போடுவார். மற்றவர் வேகம் கூட்டி டெக்னோவுக்குப் போவார். துணிந்தவர், 170 அடியில் ஓடும் டிரம் அண்ட் பேஸுக்கே தாவுவார். தோழர் என்ன போடுகிறார் என்று கேளாதவருக்கு இந்த மேசையில் இடமில்லை.

இந்த இசை வகைகளில் இரண்டு, பாடுபட்டுப் பிழைக்கும் நகரங்களில் பிறந்தவை. சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற ஆட்டக்கூடத்தில் பிராங்கி நக்கிள்ஸ் 1977 முதல் இசைத்தட்டு சுழற்றினார். கறுப்பின இளைஞர்களும், ஒருபால் விருப்பம் கொண்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் அங்கே கூடினார்கள். ஹவுஸ் என்ற பெயரே அக்கூடத்திலிருந்து வந்தது என்பார்கள். மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த டெட்ராய்ட் வட்டாரத்தில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று பள்ளித் தோழர்கள் 1980-களில் டெக்னோவை வளர்த்தார்கள். நக்கிள்ஸுக்குத் தாள இயந்திரம் ஒன்றை விற்றவர் டெரிக் மேதான். இரண்டு ஊர் இசையும் அன்றே கைமாறிக் கலந்தன.

அதே சிகாகோவில் 1979 ஜூலை 12-ஆம் நாள், ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த டிஸ்கோவின் வித்திலிருந்து முளைத்ததுதான் ஹவுஸ். நக்கிள்ஸ் 2014-இல் காலமானார். 2023-இல் சிகாகோ நகர மன்றம், பழைய வேர்ஹவுஸ் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

பெற்றோரே, பிள்ளை கேட்கும் பாட்டை நிறுத்தச் சொல்லுமுன் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு உங்கள் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். அவனும் கேட்பான்.