முதியோர் இல்லங்களில் மருந்துப் பாதுகாப்பு

நம் அன்பர்கள் பலர் பிறந்தநாளிலும் திதி நாளிலும் தாதிமை இல்லங்களுக்கு அன்னமளிக்கிறார்கள். சக்கர நாற்காலி வாங்கித் தருகிறார்கள். ஆனால் அங்குள்ள மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சம்!

களவு போகும் மருந்துகளில் முக்கியமானவை வலி நிவாரணிகள். புற்றுநோயாலும் எலும்பு முறிவாலும் வருந்துவோருக்குத் தரப்படும் மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை போதைக்கும் பயன்படுபவை. சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டமும், மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டமும் இவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. எனினும் சட்டம் வந்து அலமாரிக்குக் காவல் நிற்காது.

பெட்டியோடு தூக்கிச் சென்றால் உடனே தெரிந்துவிடும். ஆகவே களவு நுணுக்கமாக நடக்கிறது. ‘கொடுக்கப்பட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக் கொள்வதுண்டு. திரவ மருந்தில் சிறிது எடுத்துத் தண்ணீர் கலப்பதும் உண்டு. ஃபென்டனில் தோலில் ஒட்டப்படும் பட்டையாகவும் வருகிறது. வழக்கமாக மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். கழற்றிய பட்டையிலும் கணிசமான மருந்து எஞ்சியிருக்கும். குப்பைத் தொட்டியிலிருந்து அதை எடுப்பவர்களும், நோயாளியின் முதுகிலிருந்தே உரித்தெடுப்பவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள்.

இதில் பாடுபடுவது யார்? மறதி நோய் கண்ட மூதாட்டிக்கு வலி என்று சொல்லத் தெரியாது. முனகுவார், கையைத் தட்டிவிடுவார். ‘முரட்டுக் குணம்’ என்று எழுதிவிடுவார்கள். அவருக்குச் சேரவேண்டிய மருந்து சேரவில்லை என்பது யாருக்கும் தெரிவதில்லை.

தடுக்கும் முறை எளிதானதே. இரட்டைப் பூட்டு, பக்க எண் இட்ட தைத்த பதிவேடு, ஒவ்வொரு முறையும் இருவர் கையெழுத்து, பணிமுறை மாறும்போது வருபவரும் போகிறவரும் சேர்ந்து எண்ணுதல். எண்ணாமலே கையெழுத்திடும் பழக்கந்தான் இதைக் கெடுக்கிறது. ‘தேவைப்பட்டால் கொடுக்க’ என்று எழுதப்பட்ட மருந்து ஒரே ஊழியரின் பணிநேரத்தில் மட்டும் அதிகம் செலவானால் மேற்பார்வையாளர் விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் மருந்தாளர் ஒருவர் மாதந்தோறும் ஒவ்வொருவரின் மருந்துகளையும் பரிசீலிக்க வேண்டும் என்பது விதி.

இறந்தவரின் மருந்தில்தான் கவனம் மிகவும் தேவை. பிரிட்டனில் 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000ஆம் ஆண்டு தண்டனை பெற்ற டாக்டர் ஹரால்டு ஷிப்மன், இறந்தவர்களின் எஞ்சிய வலிமருந்தையும் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். அதன்பின் அங்கு விதிகள் இறுக்கப்பட்டன. எஞ்சிய மருந்தை அன்றே எண்ணிப் பதிந்து, சாட்சியுடன் திருப்பி அனுப்ப வேண்டும்.

குடும்பத்தார் கொண்டுதரும் மருந்தின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுத்து ஒப்பம் பெறலாம். சந்தேகம் வந்தால் தாதியர் மீது பாயாமல், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மேலாளரிடம் சொல்லுங்கள். ஒழுங்கான பதிவேடு நிரபராதியான ஊழியரையும் காப்பாற்றும்.

இரவில் ஒரே தாதி பல நோயாளிகளைப் பார்க்கும் இல்லத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் எங்கே? அடுத்த முறை நன்கொடை தரும்போது, இரவுப் பணிக்கு எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். கூடுதல் ஊழியரின் சம்பளத்திற்கும் நன்கொடை தரலாம். அதில் பெயர் பொறிக்க இடமிருக்காது, அவ்வளவுதான்.