உங்களுக்குத் தெரியுமா? மான்தோலில் தொடங்கி மெஷின் ஸ்டூல் வரை

முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை

ராணிப்பேட்டை மாவட்டம் சோளிங்கரில் பெரிய மலைக்கு 1,305 படி ஏறினால் யோக நரசிம்மர். சின்ன மலைக்கு 406 படி ஏறினால் யோக ஆஞ்சநேயர். யோக நரசிம்மர் உருவத்துக்கென்று சிற்பிகள் வைத்திருக்கும் அடையாளம் ஒன்று உண்டு. மடித்த கால்கள் சரியாதபடி முழங்கால்களை வளைத்து ஒரு பட்டை கட்டியிருக்கும். அதற்கு யோகபட்டம் என்று பெயர். சபரிமலை ஐயப்பன் முழங்காலில் இருப்பதும் அதுவே. நெடுநேரம் அசையாமல் உட்காரும்போது தசைக்கு வேலை வைக்காமல் காலைத் தாங்கிப் பிடிக்கத்தான் அந்தப் பட்டை. இன்றைக்கு யோகா வகுப்புகளில் ‘ஸ்ட்ராப்’ என்று காசு வாங்கிக்கொண்டு தருகிறார்களே, அது இதன் வாரிசு. 2024-இல் சோளிங்கருக்கு ரோப் கார் வந்துவிட்டதால் முட்டி வலிக்காரர்களும் இப்போது மேலே போய்ப் பார்க்கலாம்.

பாறையில் பத்மாசனம்

வள்ளியும் முருகனும் சந்தித்த இடம் என்று வள்ளிமலைக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்த மலையின் சமணக் குகையைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். அங்கே தீர்த்தங்கரர்கள் காலை மடித்து, மடியில் கைமேல் கை வைத்து, பாறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கங்க மன்னன் இராசமல்லன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. அது 9-ஆம் நூற்றாண்டு. வேலூர் மாவட்டத்தில் தியானத்துக்கு எப்படி உட்காருவது என்று கேட்பவர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அங்கே பாடம் நடக்கிறது.

யோகிக்கும் தோல் வேண்டும்

தியானத்துக்கு உட்காரும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று பகவத் கீதையின் 6-ஆம் அத்தியாயம் கணக்காகச் சொல்கிறது: சுத்தமான இடம், ரொம்ப உயரமும் கூடாது, ரொம்பத் தாழ்வும் கூடாது, தர்ப்பை, மான்தோல், அதோடு ஒரு துணி. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் லாரி லாரியாக இறங்கும் ஆம்பூர்க்காரர்களுக்கு இதன் தொழில்நுட்பம் உடனே விளங்கும். தரையின் ஈரமும் குளிரும் உடம்பில் ஏறாமல் தோல் தடுக்கும். ஆனால் சாமியார் யாராவது கொடுத்தார் என்று இன்றைக்கு வீட்டில் மான்தோல் விரித்தால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கதவைத் தட்டும். ஜமுக்காளமே போதும்.

196-இல் மூன்றே மூன்று

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் உள்ளவை 196 சூத்திரங்கள் (சில பதிப்புகளில் 195). அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்று. அந்த மூன்றிலும் ஓர் ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. அவருக்கு யோகம் என்பது அலைந்துகொண்டே இருக்கும் மனத்தின் ஓட்டத்தை அடக்குவது. உடம்பை வளைப்பது அதற்கான எட்டுப் படிகளில் மூன்றாவது. முதல் படி இயமம்: பிறரை வருத்தாமை, பொய்யாமை, திருடாமை என்று போகும். ஷூ கம்பெனியில் பக்கத்து மெஷின் அக்கா தைத்த ஜோடியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருப்பது, அந்தக் கணக்கில் பார்த்தால், சிரசாசனத்துக்கு முந்தைய பாடம். தமிழில் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும்தான் விரிக்கிறார்.

நாம் இன்று யோகா என்று சொல்வது பெரும்பாலும் பின்னால் வந்த ஹடயோகம். அதன் முக்கிய நூலான ஹடயோகப் பிரதீபிகை 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலும் விவரிக்கப்படுபவை 15 ஆசனங்களே.

இன்னொன்று. ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதே பதஞ்சலியின் ஒரே நிபந்தனை. ஷூ கம்பெனிகளில் போட்டிருக்கும் ஸ்டூல்களில் எத்தனை இந்தப் பரீட்சையில் தேறும் என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

முதல் ஆசன ஆல்பம் பாரசீகத்தில்

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் வாசகர்களுக்கு இது சுவையாக இருக்கும். பதஞ்சலியின் நூலை 11-ஆம் நூற்றாண்டிலேயே அரபு மொழிக்குக் கொண்டுபோனவர் அறிஞர் அல்பிரூனி. குவாலியர் சூஃபி முஹம்மது கௌஸ் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ‘பஹ்ருல் ஹயாத்’ என்ற யோக நூலைப் பாரசீகத்தில் எழுதினார். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க 21 ஆசனங்கள். அந்த நூலை 1600-க்கும் 1604-க்கும் இடையில் அலகாபாத்தில் படங்களோடு எழுத வைத்தவர் இளவரசர் சலீம், பின்னாளில் ஜஹாங்கீர். ஆசனங்களை வரிசையாகப் படம் வரைந்து காட்டும் நூல்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான். இப்போது அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. முஹம்மது கௌஸின் தர்காவுக்குப் பக்கத்தில்தான் தான்சேனின் சமாதியும்.

ஆகவே யோகா யாருடையது என்ற வழக்கு குவாலியரில் நானூறு வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. நாம்தான் மறுபடி மறுபடி வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம். 2015-இல் முதல் சர்வதேச யோகா தினம் வந்தபோதும் சூரிய நமஸ்காரம் பற்றிச் சர்ச்சை கிளம்பியது. அந்த ஆண்டின் பொதுப் பயிற்சித் திட்டத்தில் அது சேர்க்கப்படவில்லை.

ஜூன் 21

இந்த நாளைச் சர்வதேச யோகா தினமாக்கி ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது 2014 டிசம்பர் 11. உடன் முன்மொழிந்த நாடுகள் 177. யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் யோகா சேர்ந்தது 2016-இல்.

அப்பர் லைனில் கழுத்து

ஷூவின் மேல்பாகத்துக்குக் கம்பெனியில் ‘அப்பர்’ என்று பெயர். அதைத் தைக்கும் லைனில் பெரும்பாலும் பெண்கள். ஊசி இறங்கும் இடம் நகத்தளவு. அதைப் பார்க்கத் தலை குனிகிறது. இடது கை தோலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது, கால் பெடலில். கொஞ்ச நேரத்தில் இரண்டு தோளும் தெரியாமலே காதுப் பக்கம் ஏறிவிடும். டார்கெட் நெருங்க நெருங்க இன்னும் ஏறும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் “ஏங்க்கா, கழுத்து இன்னிக்கும் புடிச்சிக்கிச்சா?” என்பதே நலம் விசாரிப்பு.

டீ பிரேக்கில் நின்றபடியே செய்யக்கூடியது இது. மூச்சை இழுத்துக்கொண்டே தோள்களைக் காதுவரை தூக்குங்கள். பின்பக்கமாக உருட்டி, மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஐந்து முறை. பிறகு விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்கக் கைகளைத் தலைக்குமேல் நீட்டி, குதிகாலை மெல்ல உயர்த்துங்கள். தாடாசனம் அவ்வளவுதான். கடைசியில் இடுப்பில் கை ஊன்றி லேசாகப் பின்னால் வளையுங்கள். காலையிலிருந்து முன்னால் குனிந்தே இருந்த முதுகை எடுத்தவுடன் மறுபடி முன்னால் மடக்குவானேன்?

பலன் உண்டா? நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியவற்றில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017 வழிகாட்டுதலில் சேர்த்தது. அதே ஆண்டு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு அடக்கமாகவே பேசியது: எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களைவிட மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் உடம்பு ஓரளவு நன்றாக இயங்குகிறது, சிலருக்கு வலி கூடவும் செய்கிறது. எல்லா நோயும் பறந்துவிடும் என்று மேடையில் மைக் பிடிப்பவர்களைவிட இந்த ‘ஓரளவு’ எனக்கு நம்பிக்கை தருகிறது.

ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் வேலையிடத்துக்கென்றே 2021-இல் ‘ஒய்-பிரேக்’ என்ற ஐந்து நிமிடப் பயிற்சிக்கான செயலியைக் கொண்டுவந்தது. மேஜை உத்தியோகஸ்தர்களை மனதில் வைத்துச் செய்தது அது. பீஸ் கணக்கில் ஓடும் லைனில் ஐந்து நிமிடம் மெஷினை நிறுத்தச் சொல்வது சூப்பர்வைசருக்கும் தைப்பவருக்கும் இடையே வேறு கதை. நின்று வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொன்னது. தமிழ்நாட்டுக் கடை ஊழியர்களுக்கு அந்த உரிமை சட்டமானது 2021-இல்தான். ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்யாத நிர்வாகம் ஜூன் 21-ஆம் தேதி மட்டும் பாய் விரித்துப் போட்டோ எடுப்பதை நான் யோகாவில் சேர்ப்பதில்லை.

நெசவாளர் வீட்டிலிருந்து

‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்தச் சொல்லித்தந்த வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மனவளக்கலையின் எளிய முறை உடற்பயிற்சியில் கையும் காலும் கண்ணும் தனித்தனியாக இடம்பெறுகின்றன. தறியில் உட்கார்ந்தவர்களின் உடம்பை அறிந்த குடும்பத்துப் பிள்ளை என்பதால் எனக்கு அதில் வியப்பில்லை.

பிரியாணிக்குப் பிறகு வஜ்ராசனம்

சாப்பிட்டவுடன் ஆசனம் கூடாது, வஜ்ராசனம் மட்டும் விதிவிலக்கு என்பார்கள். சீரகச் சம்பா ஆம்பூர் பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் உள்ளே போன பிறகு மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார மனம் வந்தால் உட்காருங்கள். ஆனால் கால் மரத்தால் எழுந்துவிடுங்கள். தினமும் மணிக்கணக்கில் வஜ்ராசனத்திலேயே உட்கார்ந்து ஜபித்த ஒரு மாணவருக்குப் பாதத்தைத் தூக்க முடியாமல் போனது பற்றி 1971-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் செய்தி வந்தது. தலைப்பே ‘யோகா பாதத் தொய்வு’. முழங்காலின் வெளிப்பக்கத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு அழுந்தியதால் வந்த வினை.

அதே நரம்பைத் தொழுநோயும் தாக்கும். அப்படித் தொங்கிப்போன பாதங்களுக்கும் மடங்கிப்போன விரல்களுக்கும் தசைநாண் மாற்று அறுவை செய்து உலகத்துக்கே வழி காட்டியவர்களில் முதன்மையானவர், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். உணர்ச்சியற்ற பாதத்துக்கு ஏற்ற செருப்புக்காகவும் அவர் வேலூரில் பல வருஷம் மெனக்கெட்டார். ஏற்றுமதி ஷூக்களுக்குப் பேர்போன வட்டாரம் இந்தச் செருப்பையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ளலாம்.

நிமிடத்துக்கு ஆறு

சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை வைத்து ஜெபமாலைப் பிரார்த்தனையையும் யோக மந்திரத்தையும் அளந்து பார்த்து, 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். லத்தீன் மொழியில் மரியே வாழ்க சொன்னாலும் சரி, மந்திரம் சொன்னாலும் சரி, மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் உடம்பின் ஏற்பாடும் கூர்மையானது. தஸ்பீஹ் மணி உருட்டுபவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை.

வீட்டில் செய்ய மந்திரமும் வேண்டாம், மணியும் வேண்டாம். ஐந்து எண்ணும்வரை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட்டால் ஆறு வந்துவிடும்.

டேனரி யார்டில் பிராணாயாமம் கூடவே கூடாது

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்த நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வாயு கூடும்போது மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று தொட்டிக்குள் இறங்குவதுதான் ஆளைக் கொல்கிறது. அங்கே ஆழ்ந்த மூச்சு இழுப்பது வினையை விலைக்கு வாங்குவது. பயிற்சியைக் காலையில் வீட்டு மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிராணாயாமம் நுரையீரலில் படிந்த கெமிக்கலைக் கழுவிவிடும் என்று எவர் சொன்னாலும் காதில் வாங்க வேண்டாம். கெமிக்கல் உள்ளே போகாமல் தடுக்க முகக்கவசமும் காற்றோட்டமும்தான் வழி. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் சொன்ன ‘மாசு செய்தவரே செலவையும் ஏற்க வேண்டும்’ என்ற கொள்கை இன்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடம். வழக்குத் தொடுத்தது வேலூர் குடிமக்கள் நல மன்றம்.

வெயிலூருக்கு ஒரு மூச்சு

வேலூரா, வெயிலூரா என்று கேலி செய்யும் சித்திரை, வைகாசியில் சீதளி செய்து பார்க்கலாம். நாக்கைக் குழல் மாதிரி சுருட்டி, வாய் வழியாகக் காற்றை இழுத்து, மூக்கு வழியாக விட வேண்டும். நாக்கைச் சுருட்ட எல்லாருக்கும் வராது. வராதவர்கள் பல்லைச் சேர்த்து, இடுக்கு வழியாக ‘ஸ்ஸ்’ என்று இழுத்தால் அது சீத்காரி. தொண்டை குளிரும். வெளியே 42 டிகிரி அப்படியேதான் இருக்கும், தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

தலைகீழாக நிற்கும் முன்

தலை கீழே போகும் எந்த ஆசனத்திலும் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். கிளாகோமா உள்ளவர்களுக்குச் சிரசாசனம் ஆகாது. அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதையும் மூச்சை அடக்கும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். கிளாகோமா ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், நாற்பதைத் தாண்டியவர்கள் யோகா வகுப்பில் சேரும் முன் கண்ணழுத்தத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வேலூரில் ஆரணி ரோட்டில் இருக்கும் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை, 1902-இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய அதே மேரி டேபர் ஷெல் மருத்துவமனைதான்.